கத்தியைக் கொடுத்துவிட்டு உள்ளே போ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ பாதியிலேயே அமைதியாகிவிடுகிறாய். நானும் சமையலையும் வெயிலையும் பேசி முடித்துவிடுகிறேன். அதனால்தான் காகிதம் எடுத்தேன். இதை ராத்திரியில் படிக்காதே, பகலில் படி. இதில் ஒரு பேய்க்கதை வருகிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுப் பக்கத்திலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். அவனுடைய பெரியப்பா, உன் கல்யாணத்தை முடித்துவைத்த தரகர், கூடவே ஊரில் மதிப்பான இரண்டு பேர். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, பூ எல்லாம் இருந்தது. "நடந்தது நடந்துபோச்சும்மா. பையன் எங்க முன்னாடி உக்காந்து அழுதுட்டான். கேஸை வாபஸ் வாங்கிட்டுப் பொண்ணை அனுப்பி வையுங்க. இனிமே அவ மேல ஒரு கீறல் விழுந்தாலும் நாங்க பொறுப்பு" என்றார்கள். உன் அப்பா, "அவளைக் கேட்காமல் இந்த வீட்டில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்" என்று சொல்லி எழுந்துவிட்டார். உன்னையும் கூப்பிடுவார்கள். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும்.

'நாங்க பொறுப்பு' என்று அவர் சொன்னதும் எனக்குப் பழையனூர்தான் நினைவுக்கு வந்தது. திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் வரும்போது மணவூர் தாண்டினால் திருவாலங்காடு வருமே, அதை அடுத்துள்ள ஊர். நீலி கதையை உன் ஆயா உனக்குச் சொல்லியிருக்கிறாள், ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லியிருப்பாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில் நானும் வாக்குத் தவறாத எழுபது பேரின் பெருமையாகத்தான் பாடப்புத்தகம் காட்டியபடி நடத்தினேன். இப்போது உனக்கு முழுசாகச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். நான் கேட்ட விதம் இது.

காஞ்சிபுரத்துக்காரன் ஒருவன் காசிக்குப் போகிறான். ஊரில் மனைவி இருக்கிறாள். அதை மறைத்து, அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். பிறகு ஊருக்குப் புறப்படுகிறான். அந்தப் பெண் கூட வருகிறாள், துணைக்கு அவள் அண்ணனும் வருகிறான். வழி நெடுக இவனுக்கு ஒரே கவலை, முதல் மனைவிக்குத் தெரிந்துவிடுமே என்று. ஆலங்காட்டுக் காடு வருகிறது. அண்ணன் தண்ணீர் எடுக்கப் போகிறான். அந்த இடைவெளியில் அவளைக் கொன்று, நகைகளை எடுத்துக்கொண்டு இவன் போய்விடுகிறான். திரும்பி வந்த அண்ணன் தங்கை கிடந்த கோலத்தைப் பார்த்து, அங்கேயே மரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறான்.

இந்த இடத்தைக் கதை சொல்பவர்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இங்கேதான் கால் ஓடாது. காசியிலிருந்து ஆலங்காடு வரை எத்தனை இரவுகள் அவன் பக்கத்தில் அவள் படுத்திருப்பாள்! எத்தனை நாள் அவன் முகத்தைப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று தோன்றி, அண்ணனிடம் சொல்ல வாயெடுத்து விழுங்கியிருப்பாள்! கதையில் அவளுக்கு உயிரோடு இருக்கும்போது ஒரு வசனம்கூட இல்லை. செத்த பிறகுதான் பேச்சு வருகிறது.

அப்புறம் மறுபிறவி. அவன் ஒரு வணிகனாகப் பிறக்கிறான், தரிசனச் செட்டி என்று பெயர். பேயால் சாவு என்று ஜாதகத்தில் இருப்பதால், அப்பா அவனுக்கு மந்திரித்த கத்தி ஒன்றைக் கொடுத்து, இதைக் கையை விட்டுப் பிரிக்காதே என்கிறார். அந்தப் பெண் நீலியாக, பேயாக, அதே காட்டில் காத்திருக்கிறாள். அவன் வியாபாரத்துக்கு வருகிறான். அழகான பெண்ணாக எதிரே வருகிறாள். கத்தி இருப்பதால் நெருங்க முடியவில்லை. அவன் ஓடிப் பழையனூருக்குள் நுழைந்து, ஊரை நிர்வகித்த வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் விழுகிறான். நீலி ஒரு கள்ளிக் கிளையை ஒடித்துக் குழந்தையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போகிறாள்.

"இவள் என் மனைவி இல்லை, பேய். என்னைக் கொல்ல வந்திருக்கிறாள்" என்கிறான் செட்டி. "என் புருஷன் என்னையும் பிள்ளையையும் கைவிடப் பார்க்கிறார்" என்று அவள் அழுகிறாள். அவள் அழுத அழுகை இன்றைக்கும் பேச்சு வழக்கில் நிற்கிறது. குழந்தையைக் கீழே விட்டுப் பார்க்கிறார்கள். அது நேராகப் போய் அவன் மடியில் ஏறி அப்பா என்கிறது. சபைக்கு அது போதும். குடும்பத்தைச் சேர்த்துவைக்கத் தீர்மானிக்கிறார்கள். "அவர் கையில் கத்தி இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்கிறாள் அவள். சபை அதை வாங்கிக்கொள்கிறது. "உன் உயிருக்கு ஏதாவது வந்தால் நாங்கள் எழுபது பேரும் தீயில் இறங்குகிறோம்" என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள்.

விடிந்து கதவைத் திறந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். அவள் இல்லை. எழுபது பேரும் சொன்னபடி தீயில் இறங்கினார்கள்.

அவர்கள் வாக்குத் தவறாததை உமாபதி சிவம் சேக்கிழார் புராணத்தில் பாடியிருக்கிறார். திருஞானசம்பந்தரோ ஏழாம் நூற்றாண்டிலேயே, "வஞ்சப்படுத்து ஒருத்தி வாழ்நாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்" என்று தேவாரத்தில் வைத்துவிட்டார். ஊரே அஞ்சியது உண்மை. ஆனால் வஞ்சம் அவளோடு தொடங்கவில்லையே, பாப்பா. காட்டில், அண்ணன் தண்ணீருக்குப் போன நேரத்தில் தொடங்கியது.

சரி, நீலி பக்கம் நியாயமா, செட்டி பக்கம் நியாயமா என்று உன்னிடம் கேட்க இதைச் சொல்லவில்லை. அவன் போன பிறவியில் கொலைகாரன். அவனுக்காக நான் பரிந்து பேசப் போவதில்லை. நீ பார்க்க வேண்டியது அந்தச் சபையை. ஒரு ஆள் எதிரே நின்று, எனக்குப் பயமாக இருக்கிறது, இந்த அறைக்குள் போனால் நான் திரும்ப மாட்டேன் என்று கதறுகிறான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, உயிரையே பணயம் வைக்கிற அளவுக்கு நேர்மையானவர்கள். அப்படிப்பட்டவர்கள் செய்தது என்ன? பயந்தவனிடம் இருந்த ஒரே ஆயுதத்தை வாங்கிக்கொண்டு, எதைக் கண்டு பயந்தானோ அதோடேயே சேர்த்துப் பூட்டினார்கள். எழுபது பேர் எரிந்த பிறகும் அவன் எழுந்து உட்காரவில்லை.

ஏன் அவனை நம்பவில்லை என்று யோசித்துப் பார். அவன் வியர்த்து, உளறி, பைத்தியம் மாதிரி நின்றிருப்பான். அவள் நிதானமாக, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்பவர் மனம் இளகும்படி பேசினாள். நம் விஷயத்தில் ஆணும் பெண்ணும் இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெரியவர்கள் முன்னால் அவன் கை கட்டி உட்கார்ந்து அழுகிறான். நீ பேசினால் குரல் நடுங்கும்; எந்த மாதம் எது நடந்தது என்று மாற்றிச் சொல்லுவாய். அடித்தவனுக்கு வார்த்தை கோர்வையாக வரும், அடி வாங்கியவளுக்கு வராது. அதை வைத்து உன்னைப் பொய்க்காரி என்று முடிவு கட்ட நினைப்பவர்கள் முன்னால் நீ போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

மாஜிஸ்திரேட் உனக்குக் கொடுத்த பாதுகாப்பு உத்தரவுதான் உன் கையில் இருக்கும் கத்தி. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் 18ஆம் பிரிவின் கீழ் வந்தது அது. அவன் அதை மீறினால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 25ஆம் பிரிவைத் தனியாகப் படித்தேன்: நீயாகப் போய் நீக்கக் கேட்கும் வரை அந்த உத்தரவு நிற்கும் என்று இருக்கிறது. அதனால்தான் தாம்பாளம் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. உன் கையெழுத்து கிடைத்தால் அவர்களுக்கு வேலை எளிது. இதே பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததை ராஜேந்திர சோழன் செப்பேட்டில் வெட்டிவைத்தான். ராஜாவின் வாய்ச்சொல்லே எழுத்தில் ஏற வேண்டியிருந்தது. வந்த பெரியவர்களிடம், "பொறுப்பு என்பதை எழுதித் தருவீர்களா?" என்று நான் கேட்டேன். "குடும்பத்துக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்கும்மா" என்றார் பெரியப்பா. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்று. அன்றைக்கு நீ போனில், "அவன் இங்க இல்லம்மா, ஆனா இருக்கான்" என்றாயே, அதைப் பற்றி. ஹாஸ்டல் வாசலில் யாருடைய புல்லட் சத்தம் கேட்டாலும் கையில் இருப்பதைக் கீழே போடுகிறாய். ராத்திரி கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறாய். பக்கத்துப் பெண் தலையில் மல்லிகை வைத்து வந்தால் உனக்குக் குமட்டுகிறது. அடித்த மறுநாள் சாயங்காலம் அவன் மல்லிகைதானே வாங்கி வருவான். வாசனை எங்கிருந்து வருகிறதென்று மூக்கு யோசிக்காது, அடுத்த அடி எப்போது என்றுதான் கேட்கும். இரண்டு மணிக்கு எழுப்பி உட்காரவைத்துச் சண்டையைத் தொடர்ந்த வீட்டில் வாழ்ந்தவளுக்கு இரண்டு மணிக்கு விழிப்பு வராமல் என்ன செய்யும்?

உன் சித்தி, காத்து கருப்பு அண்டியிருக்கும், மந்திரித்துத் தாயத்துக் கட்டலாம் என்கிறாள். அன்பில்தான் சொல்கிறாள், ஆனால் வேண்டாம். உன்னை எதுவும் பிடிக்கவில்லை. வருஷக்கணக்கில் காவல் காத்த உடம்பு, காவல் முடிந்தது என்பதை இன்னும் நம்பவில்லை. நீ பார்க்கிற மனநல ஆலோசகர் சொன்னதும் இதைத்தானே? அவரிடம் போவதை நிறுத்தாதே. நாற்காலியை இருக்கிற இடத்திலேயே வை. இந்த மாதிரி வழக்குகளில் வேலை செய்பவர்கள், பிரிந்து வந்த பிறகுள்ள காலம்தான் ஆபத்தானது என்கிறார்கள். ஆகவே உன் பயத்தில் பாதி பழையதாக இருந்தாலும் மீதி இன்றைக்குத் தேவையானது. அதை யாரும் உன்னிடமிருந்து பேசிப் பேசி வாங்கிக்கொண்டு போக விடாதே.

நீலியைப் பற்றி ஒன்று பாக்கி. ஐஞ்சிறுகாப்பியங்களில் நீலகேசி என்று ஒன்று உண்டு, சமணர்கள் எழுதியது. அதிலும் இதே பழையனூர் நீலிதான். ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தி விரட்டப் போகிறாள். அவர் பயப்படவில்லை. பேச ஆரம்பிக்கிறார்கள். பேச்சின் முடிவில் அவள் பேய்த்தன்மையை விட்டு அறம் கற்றவளாகிறாள். அதன் பிறகு ஊர் ஊராகப் போய்ச் சபையில் நின்று வாதம் செய்கிறாள். முதலில் அவள் எதிரே உட்காருபவள் யார் தெரியுமா? குண்டலகேசி. கட்டிய புருஷனே மலை உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளப் பார்த்தானே, முந்திக்கொண்டு அவனைத் தள்ளித் தப்பித்தாளே, அவள். சமயச் சண்டைக்காக எழுதியதுதான், யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. கொலைக்குத் தப்பிய ஒருத்தியும் கொலையால் பேயானவளும் எதிரெதிரே உட்கார்ந்து, உயிர் எது, அறிவு எது என்று பேசுகிறார்கள். புருஷன்மார் பேச்சே அங்கு இல்லை. பாதியில் விட்ட எம்.காம். பற்றி நீ கேட்டாயே, அப்போது எனக்கு இந்தக் காட்சிதான் மனதில் ஓடியது. விண்ணப்பம் போடு. பணத்தைப் பற்றி யோசிக்காதே.

இனிச் செய்ய வேண்டியது. அவர்கள் கூப்பிட்டால், "வக்கீலிடம் பேசுங்கள்" என்ற ஒரே பதிலைச் சொல்லி வைத்துவிடு. காரணம் சொல்லாதே; காரணம் சொன்னால் அதை வைத்துப் பேரம் பேசுவார்கள். கோவில், பொது இடம், ஐந்து நிமிஷம் என்று எங்கே கூப்பிட்டாலும் தனியாகப் போகாதே. எந்த வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடாதே. உத்தரவின் நகல் ஒன்று கைப்பையில், ஒன்று ஆபீஸ் மேஜையில், ஒன்று ஹாஸ்டல் வார்டனிடம் இருக்கட்டும். அவன் வாசலுக்கு வந்தான் என்றால் முதலில் 100, இல்லை 181. எங்களுக்கு அப்புறம் சொன்னால் போதும்.

ஜீவனாம்ச வாய்தாவுக்கு முந்தைய நாள் அப்பாவும் நானும் காலை ரயிலில் அரக்கோணத்தில் ஏறிக் கோயம்புத்தூர் வருகிறோம். உன் சம்பளச் சீட்டுகளையும், அவன் உன் ஏ.டி.எம். கார்டை வைத்திருந்த காலத்து வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வை, வக்கீல் கேட்டிருக்கிறார். வேறு ஏதாவது வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு, கட்டி எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா