சட்டை கொடுக்கிறீர்கள், சரி. அளவு யார் எடுப்பது?

வடசென்னையில் கான்ட்ராக்டுக்கு ஆள் எடுத்து வேலை வாங்கும் கம்பெனிகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள் நான். பிளவுஸ், சுடிதார்தான் என் தொழில். ஆனால் நீங்கள் புதுச் சீருடை கொடுக்கிற மாதத்தில் மட்டும் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு ஆல்டரேஷன் பார்க்க வேண்டியிருக்கிறது. தெருக் கூட்டுகிற அக்காக்கள், ஆஸ்பத்திரி வார்டு துடைக்கிறவர்கள், அபார்ட்மென்ட் வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன்கள், குடோனில் மூட்டை எண்ணுகிற பையன்கள் என்று வரிசையாக வருவார்கள், கையில் கவர் பிரிக்காத சட்டையோடு. "அக்கா, இத்த கொஞ்சம் புடிச்சுக் குடு." தோள் முழங்கையை நோக்கி இறங்குகிறது, அக்குள் இழுக்கிறது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சட்டை நீங்கள் கொடுத்தது, அதைப் பிடிக்கிற கூலி மட்டும் அவர்கள் பாக்கெட்டிலிருந்து. வாங்கும்போது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வாங்குகிறேன், எனக்கும் கரண்ட் பில் வருகிறதே.

சீருடை கொடுக்கிற அன்று உங்கள் ஆட்கள் மைக் பிடித்து "இது உங்கள் பெருமை, இதைப் போட்டால் மனசே மாறும்" என்று பேசுவதாக வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உடுப்புக்கும் மூளைக்கும் சம்பந்தம் உண்டா என்று தேடிப் படித்தேன். உண்டு. ஆனால் அதில் பாதியைத்தான் நீங்கள் மைக்கில் சொல்கிறீர்கள்.

2012-ல் ஹாயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாணவர்களில் பாதிப் பேருக்கு வெள்ளை லேப் கோட்டை மாட்டிவிட்டு ஒரு சோதனை வைத்தார்கள். 'சிவப்பு' என்ற சொல் நீல நிறத்தில் இருக்கும், நீங்கள் சொல்லைப் படிக்காமல் நிறத்தைச் சொல்ல வேண்டும். கவனம் கொஞ்சம் பிசகினாலும் வாய் தவறிவிடும். கோட் போட்டவர்கள், போடாதவர்கள் செய்ததில் ஏறக்குறைய பாதித் தவறுதான் செய்தார்கள். அடுத்து செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரே கோட்டைச் சிலரிடம் டாக்டர் கோட் என்றும், சிலரிடம் பெயின்டர் கோட் என்றும் சொல்லிப் போட வைத்தார்கள். இன்னும் சிலருக்கு, டாக்டர் கோட் என்று சொல்லி மேஜைமேல் பார்க்க மட்டும் வைத்தார்கள். இரண்டு படங்களுக்கு நடுவே வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னபோது, டாக்டர் கோட் என்று நம்பி உடம்பில் போட்டிருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். துணி ஒன்றுதான். அதற்கு என்ன மதிப்பு என்பது போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது உடம்பிலும் இருக்க வேண்டும்.

உடனே இதை எடுத்து அடுத்த விழாவில் பேசிவிடாதீர்கள். 2019-ல் வேறு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அந்த முதல் சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. பின்னால் 2023-ல், பழைய ஆய்வாளர்கள் இருவரும் இன்னொருவரோடு சேர்ந்து இந்த வகை ஆய்வுகளை மொத்தமாக அலசி, 2015-க்குப் பிறகு வந்தவற்றில் விஷயம் இருக்கிறது என்று எழுதினார்கள். ஆக, கோட்டை மாட்டினால் மூளை தானாக ஓடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

மதிப்பு என்றால் என்னவென்று எங்கள் ஏரியாவுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெரம்பூர் பின்னி மில்லில் நெய்த காக்கித் துணி வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துக்கே போனது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்த மில் ஆட்களை வைத்துத்தான். 1996-ல் மில்லை மூடினார்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் இன்றைக்கும் துணியை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். நீங்கள் கொடுக்கிற சட்டையை அப்படி ஒருத்தர் தேய்த்துப் பார்த்தார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

அதே காக்கியைத்தான் நம்ம ஆட்டோ அண்ணன்களும் போடுகிறார்கள். போடுகிறார்கள் என்றா சொன்னேன்? சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கும், சிக்னலில் டிராஃபிக் போலீஸ் தெரிந்தால் கலர் சட்டைக்கு மேலேயே ஏறும், பட்டன்கூடப் போட மாட்டார்கள். ஃபைனுக்குப் பயந்து மாட்டுகிற சட்டை அவ்வளவுதான் செய்யும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். நாம் சட்டை போட்ட கொஞ்ச நேரத்தில் அது உடம்பில் இருப்பதே மறந்துபோகும், ஏனென்றால் ஒரே மாதிரி படுகிற துணியைப் பற்றித் தோலில் இருக்கும் நரம்புகள் மூளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்காது. ஆனால் கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குளில் வெட்டுகிற தையல், குனியும்போதெல்லாம் கீழே நழுவுகிற இடுப்பு, கழுத்தில் குத்துகிற லேபிள், இதெல்லாம் ஒவ்வொரு அசைவுக்கும் புதுச் செய்தியாகப் போகும். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதியால் ஒரே நேரத்தில் கொஞ்சத்தைத்தான் பிடித்து வைத்திருக்க முடியும். அதில் ஒரு பங்கை உங்கள் சட்டையே தின்றுவிட்டால், பின்னால் ரிவர்ஸ் எடுக்கிற லாரி எப்படிக் கவனத்தில் நிற்கும்? அதற்கு மேல் மே மாதத்து வெயில், பாலியஸ்டர் வேறு. அந்த நூல் ஈரத்தைக் குடிக்காது, வேர்வை அப்படியே முதுகில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு சுமை. 1998-ல் பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழுவினர் கல்லூரி மாணவ மாணவிகளைத் தனித்தனியாக, யாரும் பார்க்காத அறையில், சிலருக்கு நீச்சலுடையும் சிலருக்கு ஸ்வெட்டரும் போடவைத்துக் கணக்குக் கொடுத்தார்கள். நீச்சலுடையில் இருந்த பெண்களுக்கு மார்க் குறைந்தது, ஆண்களுக்குக் குறையவில்லை. பார்க்க ஆளே இல்லாதபோதும், என் உடம்பு எப்படித் தெரிகிறது என்ற நினைப்பு பாதிப் புத்தியை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் அவர்கள் கணிப்பு. நீங்கள் யாருக்கும் நீச்சலுடை தரவில்லை என்பது தெரியும். ஆனால் ஆம்பளை அளவில் வெட்டிய சட்டையை மார்புக்கு நடுவே பட்டன் வாய் பிளக்கிற மாதிரி கொடுத்தால், அந்தப் பெண் நாள் முழுக்க அங்கே ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள். என்னிடம் வருகிற பெண்களின் சட்டையில் முதலில் நான் கழற்றுவது அந்த ஊக்கைத்தான். புடவைமேல் போடுகிற ஓவர்கோட்டில் பாக்கெட்டும் கிடையாது. போனை எங்கே வைப்பாள் என்று ஆர்டர் கொடுத்தவருக்குத் தோன்றவேயில்லை.

செக்யூரிட்டிக்குக் கறுப்புச் சட்டை கொடுத்து கமாண்டோ மாதிரி நிறுத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1988-ல் மார்க் ஃபிராங்க், தாமஸ் கிலோவிச் இருவரும் அமெரிக்க ஃபுட்பால், ஐஸ் ஹாக்கி அணிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கறுப்பு உடை அணிகளுக்குத் தண்டனை அதிகம். போட்டவர்களுக்கும் முரட்டு விளையாட்டில் ஆசை கூடுகிறது, பார்க்கிற நடுவருக்கும் அவர்கள் முரடர்களாகவே தெரிகிறார்கள். கேட்டில் நிற்கிற அறுபது வயசுத் தாத்தாவுக்கு இது எதற்கு?

பெருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெசிகா டிரேசி, ரிச்சர்ட் ராபின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2007-ல் பெருமையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, நான் பாடுபட்டுச் செய்தேன் என்று வருவது. இன்னொன்று, நான் யார் தெரியுமா என்ற மிதப்பு. முதல் வகை எங்கள் ஆட்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, வெள்ளம் வடிந்த மறுநாள் எங்கள் தெருக்களை வந்து பாருங்கள். கான்ட்ராக்ட் கைமாறினால் சட்டை நிறம் மாறும், அதே அக்கா, அதே தெரு, அதே துடைப்பம். முதுகில் உங்கள் கம்பெனி பெயர் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, அவர்கள் பெயருக்கு நெஞ்சில் ஒரு விரல்கடை இடம் இல்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்னால் நாள் கணக்கில் உட்கார்ந்தது வேலையைத் தனியாரிடம் விடக் கூடாது என்றுதான். சட்டை நன்றாக இருந்தால் அந்தக் கேள்வி போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை, நீங்களும் அப்படிக் கணக்குப் போடாதீர்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஆர்டர் கொடுக்கும் முன் ஆளைக் கூப்பிட்டு அளவெடுங்கள், பெண்களைப் பெண்கள் அளவெடுக்கட்டும். நூறு பேருக்குத் தைக்கும் முன் ஒரு மாதிரிச் சட்டை தைத்து, ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒருத்தரைப் போட வைத்து, எங்கே இழுக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். பருத்தி கலந்த துணி எடுங்கள். தையலில் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், உடம்பு போட்டால் பிரித்து விட முடியும், இப்போது வருகிற சட்டைகளில் பிரிக்க ஒன்றுமேயில்லை. ஒருத்தருக்கு இரண்டு செட்டாவது வேண்டும், மழைக்காலத்தில் ஒரே சட்டை காயாமல் அந்த நாற்றத்தோடு வேலைக்குப் போகிறார்கள். ஆல்டரேஷன் கூலியை நீங்கள் கொடுங்கள், பில் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன். அப்புறம், சீருடைக்கு என்று சம்பளத்தில் பிடிக்கிறவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். அதை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு தையல்காரி