எந்தப் பக்கம் என்று கேட்டாயே

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாய். அதோடு நிறுத்தாமல், "அம்மா, நீ தேசியவாதியா, உலகமயத்தின் பக்கமா, பெரிய அரசாங்கம் வேண்டும் என்கிறவளா?" என்றும் கேட்டாய். டிவி விவாதத்தில் இவை கொள்கைகளாகத் தெரியும். குடியேறியவர் கைக்கு மூன்றும் படிவங்களாகத்தான் வந்து சேரும். அதனால் படிவங்களை வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் தேசம். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' இல்லை, ஆகவே குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்றது. அந்த மனிதர் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர் சிலரிடமிருந்தும் அதற்குப் பிறகு அதைப் பறித்தார்கள். 1946இல்தான் கதவு திறந்தது, அதுவும் ஆண்டுக்கு நூறு பேருக்கு. 1965 சட்டம் தேசிய மூல ஒதுக்கீட்டை ஒழித்தது உண்மைதான், ஆனால் பிறந்த நாட்டை எண்ணுகிற பழக்கம் போகவில்லை. வேலை வழியாகக் கிடைக்கும் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாக வசிக்கும் அனுமதி, ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவி, குழந்தைகளும் அதற்குள்ளேயே அடக்கம். ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் அதே வரம்பு, ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு. சென்னையில் பிறந்து கனடாக் குடியுரிமை வாங்கியவர் இந்திய வரிசையில்தான் நிற்பார். இந்தியப் பெற்றோருக்குத் துபாயில் பிறந்தவர் அமீரக வரிசைக்குப் போய்விடுவார். கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக் கணக்கில் சேரலாம், இது பலருக்குத் தெரிவதே இல்லை. ஆக, இந்தத் தேசியம் விசுவாசத்தை அளப்பதில்லை. பிரசவம் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் நடந்தது என்றுதான் பார்க்கிறது.

உலகமயம் என்கிறாயே, அது மனிதரைவிடப் பணத்துக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது. கிரீன் கார்டு வாங்கிய நாள் முதல் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் ஊர் வங்கியில் போடும் என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். கெடு ஏப்ரல் 15, தானாகவே அக்டோபர் 15 வரை நீளும். இது வரிப் படிவத்தோடு போகாது, தனியாகப் போக வேண்டும். பெரும்பாலோர் சறுக்கும் இடம் வேறு: வசதிக்காகத் தாத்தாவின் வங்கிக் கணக்கில் பேரன் பெயரையும் சேர்த்து வைப்பது. அதில் உன் பணம் ஒரு பைசா இல்லாவிட்டாலும் முழு இருப்பையும் நீ காட்டியாக வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி ஆரம்பிக்காதே. அமெரிக்க வரிச் சட்டம் அதைத் தனி இனமாகப் பார்க்கிறது, ஃபண்டு ஒவ்வொன்றுக்கும் 8621 என்ற படிவம் கேட்கும். வரியைவிடக் கணக்காளர் கூலி அதிகமாகிவிடும். 2015இல் இரு நாடும் தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டுவிட்டன, அங்கே இருப்பது இங்கே தெரியாது என்று இருந்துவிட முடியாது. ஆனால் நீ இங்கே சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்துக்காகக் கட்டும் சோஷியல் செக்யூரிட்டியை இந்திய பி.எஃப்.போடு இணைக்க ஒப்பந்தம் இல்லை. 40 கிரெடிட், அதாவது ஏறக்குறைய பத்து வருட வேலை முடியுமுன் ஒருவர் ஊர் திரும்பினால் கட்டியது பென்ஷனாக வராது. வாங்குவதற்கு எல்லை இல்லை, கொடுப்பதற்கு எல்லை உண்டு!

பெரிய அரசாங்கமா சின்ன அரசாங்கமா என்ற சண்டையில் எனக்கு ருசி இல்லை. சின்ன அரசாங்கம் கேட்கிற பலரே எல்லைக் காவலுக்கு மட்டும் பெரிய பட்ஜெட் கேட்கிறார்கள். நான் ஒவ்வொரு ஜன்னலிலும் பார்ப்பது ஒன்றைத்தான்: 'முடியாது' என்று சொன்னால் அடுத்து எங்கே போகலாம்? தூதரக விசா அதிகாரி மறுத்தால் அநேகமாக எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்காது. 2024இலும் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே அரசாங்கத்தின் குடியுரிமை ஜன்னலில் கதை வேறு. என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் மறு விசாரணை கேட்கலாம், அங்கும் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் முதலிலிருந்து விசாரிக்கும். நேர்காணல் முடிந்து 120 நாள் பதில் இல்லையென்றாலும் நீதிமன்றம் போகலாம். மேல்முறையீடு உள்ள பெரிய அரசாங்கத்தோடு நான் காலம் தள்ளுவேன். மேல்முறையீடு இல்லாத ஒற்றை அதிகாரி போதும் எனக்குப் பயம் வர.

இனி உன் வேலை. கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பத்தை அனுப்பலாம். ஒரு நாள் முந்தினாலும் நிராகரிப்பு. அந்த ஐந்தில் குறைந்தது 30 மாதம் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும், இப்போதுள்ள மாநிலத்தில் மூன்று மாதம். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் தொடர் வசிப்பு முறியவில்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும்: வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வரிப் பதிவு. ஒரு வருடம் தாண்டியிருந்தால் ஆவணத்தால் காப்பாற்ற முடியாது.

டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் வாக்காளர் பதிவுக் கட்டத்தில் கை வைக்காதே. 1993 சட்டப்படி பல மாநிலங்களில் அந்தக் கேள்வி லைசென்ஸ் படிவத்திலேயே வரும். கவுண்டரில் இருப்பவர் "டிக் பண்ணிடுங்க" என்பார். குடியுரிமை இல்லாதவர் குடிமகன் என்று எழுதிக் கொடுப்பது நாடு கடத்தல் வரை போகும், தெரியாமல் செய்தேன் என்பது அங்கே எளிதில் எடுபடாது. வேலைக்குச் சேரும்போது நிரப்பும் ஐ-9இலும் அதே கவனம்.

உறுதிமொழி எடுக்கும்போது பிற நாடுகள் மீதான விசுவாசத்தைத் துறப்பதாகச் சொல்வாய். இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955இன் 9ஆம் பிரிவு, நீ வேறு குடியுரிமை பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை முடிந்தது என்கிறது. அதற்குப் பிறகு பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம். வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது: ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது (வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்), என்னென்ன உரிமை என்பதை அரசு அறிவிப்பு ஒன்றால் மாற்றிவிடலாம். 'முடியாது' என்றால் அடுத்து எங்கே போகலாம் என்று மேலே நான் கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்டுப் பார்.

உறுதிமொழி விழா நாளில் கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமைச் சான்றிதழின் அசலை அனுப்ப வேண்டும். அமெரிக்க பாஸ்போர்ட் வந்த பிறகு இந்திய பாஸ்போர்ட் ஒப்படைப்பு, பிறகு ஓசிஐ. அமெரிக்க பாஸ்போர்ட் வரும்வரை உன் கையில் பயண ஆவணமே இருக்காது, எந்தக் கல்யாணத்துக்கும் டிக்கெட் போடாதே.

ஐந்து வருடப் பயணத் தேதிகளைப் பாஸ்போர்ட் முத்திரையோடு ஒத்துப் பார்த்து, போன நாள், வந்த நாள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா