உன் கதாநாயகிக்கு அந்த உயிலைப் படித்துக் காட்டு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். 1867, மான்செஸ்டர், பஞ்சு வியாபாரியின் இளம் விதவை, இரண்டு குழந்தைகள், ஆண்டுக்கு 80 பவுண்டு சம்பளம் வாங்கும் பள்ளிக்கூட வாத்தியார். எழுத்து நன்றாக ஓடுகிறது. ஆனால் அவள் ஜன்னலோரம் நின்று மனசோடு மல்லுக்கட்டுவதிலேயே நாற்பது பக்கம் போய்விடுகிறது. கண்ணு, அந்தக் காலத்து விதவைக்கு முடிவு கிடந்த இடம் இறந்தவனின் உயில். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால்தான் அவளும் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறாள்.

உயிலே இல்லை என்றால் விஷயம் லேசு. 1670-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் கணவனின் பணம், சரக்கு, சாமான்களில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு. பிள்ளை இல்லையென்றால் பாதி. அது அவளுக்கே சொந்தம், மறுமணம் செய்தாலும் யாரும் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் வசதியுள்ள வியாபாரி உயில் எழுதாமல் போவது அரிது. இங்கிலாந்துச் சட்டம் மனைவிக்கு இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று கணவனைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரை அனுபவிக்கும் பழைய உரிமை ஒன்று இருந்தது. 1834 ஜனவரிக்குப் பிறகு மணந்தவர்களுக்கு, கணவன் பத்திரத்திலோ உயிலிலோ ஒரு வரி எழுதினாலே அதுவும் போயிற்று.

அப்படிப்பட்ட உயில்களில் அடிக்கடி வரும் வாசகம் இது: “அவள் என் விதவையாக இருக்கும் காலம் வரை.” வீட்டில் குடியிருக்கலாம், நாற்காலி மேஜையைப் பயன்படுத்தலாம், ஆண்டுக்கு 200 பவுண்டு வாங்கலாம், மறுமணம் நடந்த அன்றே எல்லாம் நின்றுவிடும். கன்னிப் பெண்ணுக்கு ‘நீ ஒருபோதும் மணம் செய்துகொள்ளக் கூடாது’ என்று போடும் நிபந்தனையைப் பொதுவாகச் செல்லாது என்று தள்ளிய நீதிமன்றங்கள், விதவைக்குப் போட்ட இதே நிபந்தனையைச் செல்லும் என்றன. நம் பக்கத்துக்கும் இதே கணக்குதான் வந்தது. மறுமணத்தை அனுமதித்த 1856-ஆம் ஆண்டு இந்து விதவைகள் மறுமணச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் பார். மறுமணம் செய்தால், அவள் அப்போதே இறந்துவிட்டது போல முதல் கணவன் சொத்திலுள்ள உரிமை போய்விடும் என்றது அது.

ஆனால் உன் கதாநாயகியிடம் இன்னொரு காகிதமும் இருக்கலாம். முதல் கல்யாணத்துக்கு முன் அவள் அப்பா எழுதி வாங்கிய திருமணப் பத்திரம். அதன்படி வரும் விதவைத் தொகை பெரும்பாலும் அவள் ஆயுள் வரைக்கும்; மறுமணத்தால் நிற்காது. உயில் கொடுப்பது கணவனின் தயவு, பத்திரம் கொடுப்பது பேரம் பேசி வாங்கிய உரிமை. அவளுக்குப் பத்திரத்தில் 60, உயிலில் 140 என்று வைத்துப் பார். வாத்தியாரை மணந்தால் 80-உம் 60-உம் சேர்ந்து 140, மறுத்தால் 200. வேலைக்காரிக்கு ஆண்டுக்குச் சுமார் 10 பவுண்டு கூலி, அதற்கு மேல் சாப்பாடு, படுக்கை. 140-இல் ஒரு வேலைக்காரியை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வெறும் 80 என்றால் திங்கட்கிழமைத் துணி மூட்டையை அவளே செப்புக் கொப்பரையில் கொதிக்க வைக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை எழுது, பிரமாதமாக வரும்.

இனி நீ அடியோடு விட்டுவிட்ட இடம். விதவையாக இருக்கும்வரை அவள் தன் பெயரில் வாங்கலாம், விற்கலாம், வழக்குப் போடலாம், உயில் எழுதலாம். மறுமணம் நடந்த நொடியில் இதெல்லாம் கைவிட்டுப் போகிறது. அவளுடைய ரொக்கம், நகை, சாமான் எல்லாம் புதுக் கணவனுக்கு. அவளுடைய அரசாங்கக் கடன் பத்திரங்களை அவன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் அவையும் அவனுக்கு. நிலத்தை அவள் சம்மதமில்லாமல் அவன் விற்க முடியாது, ஆனால் வாடகை அவன் கைக்குத்தான் வரும். அவள் முன்பு எழுதி வைத்த உயிலும் 1837-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். மறுபக்கமும் உண்டு: 1867-இல் அவளுடைய பழைய கடன்களுக்கும் புதுக் கணவன்தான் பொறுப்பு. துக்க உடை தைத்த கடையின் பாக்கி வாத்தியார் தலையில் வந்து விழும்.

இதற்கு ஒரு வழி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவள் சொத்தை டிரஸ்டிகள், அதாவது அவளுக்காக அதைப் பொறுப்பேற்று வைத்திருப்பவர்கள், பெயருக்கு மாற்றி எழுதும் பத்திரம். இதற்கும் செட்டில்மென்ட் என்றுதான் பெயர்; ஆனால் நம் ஊர் பத்திரப் பதிவில் சொல்லும் செட்டில்மென்ட் வேறு, இது வேறு. வழக்கமாக இரண்டு டிரஸ்டிகள். வருமானம் “அவளுடைய தனி உபயோகத்துக்கு மட்டும்” என்று ஒரு வரி. நம் ஸ்திரீதனத்தை நினைத்துக்கொள். அடுத்த வரி அதைவிட முக்கியம்: இனி வரப்போகும் வருமானத்தை அவள் முன்கூட்டியே விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அவளைக் கட்டிப்போடுவது போலத் தெரியும். உண்மையில் கணவன் கொஞ்சியோ அடித்தோ கையெழுத்து வாங்காமல் இருக்கப் போட்ட பூட்டு அது. அவளே மனமிரங்கிக் கொடுக்க நினைத்தாலும் முடியாது.

இதில் தவறுகள் நடக்கும் இடங்களையும் தெரிந்துகொள். கல்யாணத்துக்குப் பிறகு எழுதினால் கணவனின் கடன்காரர்கள் நீதிமன்றத்தில் அதை உடைக்க வழியுண்டு. நிச்சயமான பிறகு மாப்பிள்ளைக்குத் தெரியாமல் எழுதினால், அவன் உரிமையை ஏமாற்றிப் பறித்தாள் என்று அதுவும் ரத்தாகலாம். ஆகவே பத்திரத்தை அவனுக்குக் காட்டியே ஆக வேண்டும். உன் நாவலின் உச்சக் காட்சி எனக்கு இங்கேதான் தெரிகிறது. பத்திரம் எழுதும் வக்கீலான சொலிசிட்டரின் அலுவலகம், மேஜை மேல் பத்திரம். “உன் காசில் ஒரு பென்னி கூட எனக்கு வராது” என்று படித்துத் தெரிந்துகொண்டு வாத்தியார் பேனாவை எடுக்கிறாரா, தயங்குகிறாரா? அவர் காதலைப் பற்றி அவர் பேசிய பத்துப் பக்கத்தைவிட அந்தக் கை அதிகம் சொல்லும்.

குழந்தைகளை மறந்துவிடாதே. அப்பன் உயிலிலேயே காப்பாளரை நியமிக்கலாம். அது அவளுடைய மைத்துனனாக இருந்தால், பிள்ளைகள் எங்கே வளர்வது என்பதில் அவன் பேச்சுதான் எடுபடும். தகப்பன் இறந்தபின் தாயும் காப்பாளர் என்பது 1886-இல்தான் சட்டமானது. 1867-இல் அவளுடைய பயம் பாதிக்கு மேல் இதுவாகவே இருந்திருக்கும்.

உடை பற்றி ஒன்று. அவள் மழையில் ஓடிப்போய் அவரைச் சந்திப்பதாக எழுதியிருக்கிறாய். முதல் ஓராண்டும் ஒரு நாளும் அவள் போர்த்தியிருப்பது கறுப்பு கிரேப் என்ற சுருக்கத் துணி. மழை பட்டால் திட்டுத் திட்டாகக் கறைபட்டுச் சுருங்கிவிடும்; சாயம் கழுத்திலும் மணிக்கட்டிலும் ஒட்டும். வீடு திரும்பியதும் மாமியார் கண்ணுக்கு அந்தக் கறையே போதும். மறுமணத்துக்கு வெள்ளை உடை வேண்டாம், சாம்பல் அல்லது வெளிர் ஊதா, முகத்திரையும் வேண்டாம். நீ எழுதிய மாலை நேரக் கல்யாணத்தையும் மாற்றிவிடு. அப்போது சட்டப்படி காலை 8 முதல் பகல் 12 மணிக்குள்தான் முடிய வேண்டும்.

பத்திரமான வருமானம் என்று நீ எழுதும்போதும் கவனம். 3 சதவீத அரசாங்கக் கடன் பத்திரத்தில் 200 பவுண்டு வர ஏறத்தாழ 6,667 பவுண்டு முதல் வேண்டும். அதிக வட்டிக்கு ஆசைப்பட்ட டிரஸ்டி வங்கிப் பங்குகள் வாங்கினால்? 1878 அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி கவிழ்ந்தது. வங்கியின் கடனுக்குப் பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பே கிடையாது. ஒவ்வொரு 100 பவுண்டுப் பங்குக்கும் முதல் தவணையாகவே 500 பவுண்டு கேட்டார்கள். டிரஸ்டிகளாகப் பங்கு வைத்திருந்தவர்களும் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. காதலை உதறி 200 பவுண்டைத் தேர்ந்தெடுத்தவளுக்குப் பதினோரு வருஷம் கழித்து இந்தச் செய்தி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

ஆண்டை மட்டும் மாற்றாதே. 1870 ஆகஸ்டு சட்டம் மனைவி உழைத்துச் சம்பாதித்ததைக் காத்தது, ஏற்கனவே கையில் இருந்ததைத் தானாகக் காக்கவில்லை. 1883 ஜனவரி 1-க்குப் பிறகு மணந்தவளுக்குச் சொந்த சொத்தெல்லாம் அவளுடையதே. அங்கே கொண்டுபோனால் சொலிசிட்டர் காட்சிக்கு வேலையில்லை. முதலில் அந்த உயிலை முழுசாக, ஒரு பக்கத்துக்கு, தேதியும் சாட்சிகள் இரண்டு பேரும் உட்பட எழுதி எனக்கு அனுப்பு. நாவலில் சேர்க்க வேண்டாம், உன் மேஜையில் இருந்தால் போதும். அடுத்த அத்தியாயத்தை அதற்குப் பிறகு தொடங்கு.

அன்புடன்,
அம்மா