கேவிஎம் ஸ்விட்ச் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேவிஎம் ஸ்விட்ச்சை வடிவமைப்பவர்களுக்கும் அதன் கையேட்டை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். என் மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒன்று அலுவலக வேலைக்கு, மற்றது சொந்த வேலைக்கு. நடுவில் நீங்கள் செய்த பெட்டி. ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ், ஒரே மானிட்டர். பட்டனைத் தட்டினால் அந்தப் பக்கம், மறுபடி தட்டினால் இந்தப் பக்கம். இந்த வசதியை விட்டுவிட எனக்கு மனமில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெட்டியை மாட்டிய அன்றே மவுஸின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பட்டன்களும் நின்றுபோயின. கர்சர் நகர்கிறது, சக்கரம் சுழல்கிறது, இடது கிளிக், வலது கிளிக் எல்லாம் சரி. ஆனால் முந்தைய பக்கத்துக்குப் போகலாம் என்று பழக்கத்தில் கட்டைவிரல் அழுத்தினால், திரையில் எதுவும் அசையாது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். கேபிளை மாற்றினேன். மவுஸ்தான் பழுது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. ஸ்விட்ச் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால், மவுஸ் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். அவர்களோ ஸ்விட்ச்சைப் பாருங்கள் என்றார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின.

அப்புறம் ஒருநாள், மவுஸ் படம் போட்ட போர்ட்டிலிருந்து அதைப் பிடுங்கி, பிரிண்டருக்காக விட்டிருந்த சாதாரண யூஎஸ்பி போர்ட்டில் செருகினேன். இரண்டு பட்டன்களும் அந்த நொடியே வேலை செய்தன.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மவுஸ் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சிப், இரண்டு கம்ப்யூட்டர்களிடமும் தன்னையே மவுஸ் என்று காட்டிக்கொள்கிறது. எமுலேஷன் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். பக்கம் மாற்றும்போது மவுஸைப் பிடுங்கிச் செருகியதுபோல் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிப்புக்குத் தெரிந்தது சாதாரண மவுஸ் மட்டும்தான். யூஎஸ்பியின் பூட் புரோட்டோகாலில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போதே கீபோர்டும் மவுஸும் வேலை செய்வதற்கான எளிய விதிமுறையில், மவுஸுக்கென்று வரையறுத்திருப்பது 3 பைட்: பட்டன்களுக்கு ஒன்று, நகர்வுக்கு இரண்டு. பட்டன்களிலும் மூன்றுக்குத்தான் இடம். பல சிப்கள் சக்கரத்தையும் சேர்த்துக்கொள்கின்றன, அதற்கு மேல் போவதில்லை.

யூஎஸ்பிக்கு முன் மவுஸைச் செருகிய வட்டமான பிஎஸ்/2 போர்ட்டின் காலத்திலும் இதே மாதிரி ஒரு தொல்லை இருந்தது. மவுஸின் அனுப்பும் வேகத்தைக் கம்ப்யூட்டர் 200, 100, 80 என்று அடுத்தடுத்து மாற்றினால், சக்கரம் வைத்த மவுஸ் புரிந்துகொண்டு 3 பைட்டிலிருந்து 4 பைட்டுக்குத் தாவும். நடுவில் இருக்கும் ஸ்விட்ச் இதை நினைவில் வைக்கவில்லையென்றால், கம்ப்யூட்டர் நாலுக்குக் காத்திருக்கும், மவுஸ் மூன்றை அனுப்பும். கர்சர் மூலைக்குப் பாயும், யாரும் தொடாமலே மெனுக்கள் திறக்கும். அதையே சரிசெய்தவர்கள் உங்கள் துறையில் இருந்தார்கள். இன்றைக்கு நான் கேட்பது அதைவிட எளிது.

எந்த போர்ட்டில் எமுலேஷன் இருக்கிறது, எது நேராகக் கடத்துகிறது என்று பெட்டியின் மேலேயே, போர்ட்டுக்குப் பக்கத்தில் அச்சடியுங்கள். எமுலேஷனை நிறுத்திவைக்க ஒரு வழி கொடுங்கள். ஏற்கெனவே சில மாடல்களில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் எந்தக் கீகளை அழுத்துவது என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வயர்லெஸ் மவுஸ் பற்றியும் ஒரு வார்த்தை. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளை (வயர்லெஸ் மவுஸின் சிக்னலை வாங்க யூஎஸ்பியில் செருகும் சிறு துண்டை) குழப்பும் என்று 2012-லேயே இன்டெல் அறிக்கை வெளியிட்டது. அப்படியிருந்தும் யூஎஸ்பி 3.0 போர்ட்டையும் டாங்கிள் செருகும் போர்ட்டையும் ஒட்டி ஒட்டி வைக்கிறீர்கள். கர்சர் தடுக்கித் தடுக்கி நகர்ந்தால், வாங்கியவர் பேட்டரியை மாற்றிப் பார்ப்பார், மேசை விரிப்பை மாற்றிப் பார்ப்பார். ஒரு சிறிய நீட்டிப்பு கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? முடிந்தால் அந்தக் கேபிளைப் பெட்டியோடு சேர்த்தே கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டியின் பட்டனை ஒரு நாளைக்கு 40 முறையாவது தட்டுகிற ஒருவர்