அத்தையிடம் நீ தண்ணீர் கேட்ட விதம்

திருவையாறு

சௌபாக்கியவதி மகளுக்கு, அப்பா அநேக ஆசிகளுடன் எழுதுவது.

ஏழு மாதப் பேரனுக்குச் சைகை கற்றுக்கொடுக்க வகுப்பில் சேர்ந்திருப்பதாகவும், கேட்டால் ஊரில் சிரிப்பார்களோ என்று தயங்கியதாகவும் எழுதியிருந்தாய். இந்த வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். நீயே வாய் திறப்பதற்கு முன்னால் கையால் கேட்டு வாங்கியவள்தான். பிறவியிலேயே காது கேளாத உன் அத்தைதான் பகலெல்லாம் உன்னை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் பார்க்காதபோது அழுது பயனில்லை என்பதைப் பத்தாம் மாதத்திலேயே நீ கண்டுகொண்டாய். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணீர். நெற்றியின் இருபுறமும் விரலை நிமிர்த்தினால் பசு. உன் விரல் நெற்றிவரை எட்டாமல் காதோடு நின்றுவிடும்; ஆனாலும் கொட்டிலுக்குத்தான் தூக்கிப் போகச் சொல்கிறாய் என்பது அவளுக்கு விளங்கிவிடும்.

பிள்ளைகளுக்கு நாக்கைவிடக் கை முந்திக்கொள்கிறது. பிள்ளைத்தமிழில் சப்பாணி கொட்டுவதை, அதாவது குழந்தை கைதட்டி ஆடுவதை, ஒன்பதாம் மாதத்துக்கு வைத்த புலவர்கள் குழந்தைகளை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். நீ இருக்கும் கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த லிண்டா அக்ரடோலோ, இன்னும் பேச்சு வராத தம் மகள் பூவைக் கண்டதும் முகர்வதுபோல் மூக்கை உறிஞ்சுவதைக் கவனித்து, அதுவே அவள் பூவுக்கு வைத்த பெயர் என்று உணர்ந்து, 1980களில் சூசன் குட்வினுடன் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஆனால் சைகையால் பேச்சு சீக்கிரம் வரும், அறிவு கூடும் என்று யாராவது ஆசை காட்டினால் அதற்காகக் காசைக் கொட்டாதே. இங்கிலாந்தில் எலிசபெத் கிர்க் குழுவினர் 40 குழந்தைகளை எட்டாம் மாதத்திலிருந்து இருபதாம் மாதம் வரை கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், சைகை பழகிய பிள்ளைகளுக்குப் பேச்சு முந்தி வரவில்லை. தாய்மார்கள்தாம் பிள்ளையின் மனத்தில் ஓடுவதைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். எனக்கு அந்த லாபமே போதுமானதாகப் படுகிறது.

பால், இன்னும், போதும் என்ற மூன்றோடு தொடங்கு. பாலைக் கொடுக்கும் அந்த நேரத்திலேயே, அவன் உன் முகம் பார்த்திருக்கும்போது கையைக் காட்டி, 'பால்' என்று வாயாலும் சொல். கை வந்துவிட்டது என்று வாயை மூடிக்கொள்ளாதே. அவன் திருப்பிக் காட்டச் சில மாதங்கள் ஆகலாம். காட்டும்போதும் கோணலாகத்தான் இருக்கும். கையைப் பிடித்துத் திருத்தாமல், கேட்டதைக் கொடு. சத்தத்துக்கும் குரலுக்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று தோன்றினால் மட்டும், சைகையை நம்பிக் காத்திராமல் உடனே செவிப் பரிசோதனை செய்துவிடு. உன் அத்தை விஷயத்தில் நாங்கள் வெகுகாலம் வீணாக்கினோம்.

இன்னொன்று. நீ கற்பது சில சொற்களைத்தான். சைகை மொழி என்பது தனக்கென இலக்கணம் உடைய முழு மொழி. அந்த வேறுபாட்டை நான் அறிந்தது கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில். பள்ளியில் சைகை மொழி பயின்ற, காது கேளாத பெண் ஒருத்தி ஆசையோடு அத்தையிடம் வந்து கைகளால் பேசத் தொடங்கினாள். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. நம் வீட்டு ஜாடை நம் வாசலைத் தாண்டாது. அவளை எந்தப் பள்ளிக்கும் அனுப்பாதவர்கள் நாங்கள். பந்தியில் அவள் இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

உன் கடிதத்தின் சாரத்தை அவளுக்கு ஜாடையில் சொன்னேன். பேரன் தண்ணீருக்கு என்ன காட்டுகிறான் என்று உடனே கேட்டாள். இனி வீடியோ காலில் அழைக்கும்போது போனைச் சற்றுத் தள்ளி வை. முகம் மட்டுமே தெரிகிறது, கைகள் தெரியவில்லை என்று குறைப்படுகிறாள்.

அன்புடன்,
அப்பா