மாலை 6.30க்கு மூடும் விடுதிக் கதவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் உள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் என் மகள் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அங்குள்ள மாணவியர் விடுதியின் வாயிற்கதவு மாலை 6.30 மணிக்கு மூடப்படுகிறது. அதே வகுப்பில் படிக்கும் மாணவர்களின் விடுதிக்கும் ஏட்டளவில் ஒரு நேரம் உண்டு. ஆனால் இரவு 10 மணிக்கும் அவர்கள் வளாகத்துக்கு வெளியே தேநீர்க் கடையில் நின்று பேசிக்கொண்டிருப்பதை நானே பார்த்தேன். அவர்கள் அப்படி நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. என் மகளும் அவள் தோழியரும் அந்தப் பேச்சில் இல்லையே என்பதுதான் வருத்தம். பல்கலைக்கழகத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. வேறு விடுதிகளிலும் இதுவே வழக்கம் என்று எனக்குத் தெரிந்த பிற பெற்றோரும் சொல்கிறார்கள்.

கடந்த ஜனவரியில் புத்தகக் காட்சிக்காகக் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு வந்திருந்தேன். வேலை நாள்களில் அது பிற்பகலில்தான் திறக்கிறது. வகுப்பு முடிந்து மகள் நந்தனம் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி 4.15. இரண்டு வரிசை அரங்குகளைக்கூட நாங்கள் முழுதாகப் பார்த்திருக்க மாட்டோம். கையில் எடுத்த நூலைப் பாதி புரட்டியவள், அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, “கெளம்பலாம்மா, இப்ப விட்டா டயத்துக்குப் போக முடியாது” என்றாள். அப்போது 5.20. அன்று மாலை 6 மணிக்கு மேல்தான் அவள் கேட்க விரும்பிய எழுத்தாளர் மேடையில் பேசவிருந்தார். அண்ணா சாலை நெரிசலில் சிக்கி நாங்கள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது 6.50 ஆகிவிட்டது.

வாயிலை ஒட்டிய மேசையில் நீளமான வருகைப் பதிவேடு ஒன்று இருந்தது. மகளின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘தாமதம்’ என்று எழுதிய வார்டன், வீட்டிலிருந்து விளக்கக் கடிதம் வேண்டும் என்றார். “நான்தாங்க இவளோட அம்மா, என்கூடத்தான் வந்தா” என்றேன். “அதெல்லாம் சரிங்கம்மா, ஃபைல்ல வைக்க ஒரு லெட்டர் வேணும்” என்றார். மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அந்த மேசையிலேயே குனிந்து நின்று, என் மகள் என்னோடு வந்ததற்கு நானே சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு அடுத்து நின்ற முதலாண்டு மாணவி, பேருந்து வர நேரமானதைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். வார்டன் மீது எனக்குக் குறையில்லை. இரவெல்லாம் விழித்திருந்து அத்தனை பிள்ளைகளுக்கும் பொறுப்பேற்பவர் அவர்தான். என் மனக்குறை அவர் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் விதியைப் பற்றியது.

நானும் 1995இல் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தவள். அன்று எங்களுக்கு மாலை 6 மணி. வீட்டுக்குப் பேச நாணயத் தொலைபேசி முன்னால் வரிசையில் நின்ற காலம் அது. இன்று ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கைப்பேசி இருக்கிறது. மெட்ரோ ரயில் இரவு 11 மணி வரை ஓடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இத்தனை மாறிய பிறகும் விடுதிக் கதவுக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பது அரை மணி நேரம்.

சென்னையில் ஓர் இளம் மனத்துக்குப் பயன்தரக் கூடியவற்றில் பெரும்பகுதி மாலையில்தான் நடக்கிறது. இலக்கியக் கூட்டங்கள் 5.30 அல்லது 6 மணிக்குத் தொடங்குகின்றன. மார்கழியில் சபாக்களின் முக்கியக் கச்சேரிகள் மாலையில்தான். ஐ.ஐ.டி.யில் ஜனவரியில் நடக்கும் சாரங் விழாவின் பெரிய நிகழ்ச்சிகள் இரவில்தான். இவற்றையெல்லாம் கேளிக்கை என்று ஒதுக்குவோர் இருக்கலாம்; அவர்களுக்காக வளாகத்துக்குள் நடப்பதையே சொல்கிறேன். மகளின் துறையில் நாடகக் குழு ஒன்று உண்டு. வகுப்புகள் முடிந்து, அறை கிடைத்து, ஒத்திகை தொடங்க 5 மணி ஆகிவிடும். 6.15க்கு மாணவியர் கிளம்பிவிட வேண்டும். மாணவர்கள் 9 மணி வரை தொடர்கிறார்கள். அதனால் நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பெண் பாத்திரங்கள் குறைவாக உள்ளதைத் தேடுகிறார்கள் என்று என் மகள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கதவின் நேரம் மேடையில் யார் நிற்பது என்பதையும் தீர்மானிக்கிறது. குழுவாகச் செய்யும் ஆய்வுப் பணிகளிலும் இதே கதைதான்: பேச்சு முற்றும் வேளையில் மாணவியர் எழுந்து போகிறார்கள், மிச்சத்தை மாணவர்கள் தங்கள் விடுதி அறையில் முடிவு செய்கிறார்கள், மறுநாள் காலையில் அந்த முடிவு இவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. வீட்டிலிருந்து வந்து போகும் மாணவியருக்காவது பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளும் வழி உண்டு. தொலைவிலிருந்து, பெரும்பாலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த விடுதி மாணவியருக்குத்தான் நகரமும் தோழமையும் அதிகம் தேவைப்படுகின்றன. அவர்களுக்குத்தான் அவை மறுக்கப்படுகின்றன.

அச்சம் எனக்கும் உண்டு. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமையைக் கேள்விப்பட்டு உறங்காதிருந்த தாய்மாரில் நானும் ஒருத்தி. குற்றவாளிக்கு 2025 ஜூனில் சென்னை மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால் அந்தக் கொடுமை மதிலுக்கு உள்ளேதான் நடந்தது என்பதை நாம் மறக்கலாகாது. வெளியாள் தடையின்றி உள்ளே நுழைய முடிந்ததும், இருட்டில் ஆளரவமற்ற இடங்கள் இருந்ததும்தான் அதில் தெரிகின்றன. மாணவியரை முன்னதாகவே உள்ளே அனுப்பிவிட்டால் வளாகச் சாலைகள் இன்னும் வெறிச்சோடும். ஆய்வுக்கூடத்திலிருந்து தாமதமாகத் தனியே திரும்பும் பெண்ணுக்கு அது இன்னும் ஆபத்து. விளக்குகளும், வாயிலில் முறையான சோதனையும், 10 மணி வரை திறந்திருக்கும் நூலகமும் சிற்றுண்டிச்சாலையும், அங்கு நடமாடும் பிள்ளைகளும்தான் உண்மையான காவல் என்று நான் நம்புகிறேன்.

பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை மாணவியர் விடுதிகளில் சுமத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர் விடுதி நேரத்தை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் எதிர்த்த நேரம் இரவு 9.30. நம் பிள்ளைகளுக்கு அந்த 9.30ஐயாவது கொடுங்கள் என்று கேட்கும் நிலையில் இருக்கிறோம்.

ஆலைகளில் பெண்கள் இரவுப் பணி செய்யக் கூடாது என்ற சட்டப் பிரிவை, தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளை நிபந்தனையாக்கி, 2000ஆம் ஆண்டிலேயே நீக்கியது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். ஏப்ரலில் 6.35க்கு வந்ததற்காக விளக்கக் கடிதம் எழுதும் பெண், படிப்பை முடித்து ஜூலையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தால், நள்ளிரவில் நிறுவன வண்டியில் வீடு திரும்புகிறாள். இடைப்பட்ட மூன்று மாதங்களில் அவள் எந்த விதத்தில் மாறிவிட்டாள்? இந்த ஊரில் தனியே போய்வரவும், எந்தச் சாலை எப்போது எப்படி இருக்கும் என்று அறியவும், தோழியரோடு சேர்ந்து முடிவெடுக்கவும் பழக வேண்டிய ஆண்டுகள் மாணவப் பருவத்து ஆண்டுகள்தானே.

இரு விடுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டும். அது இரவு 9.30க்கு முன்னதாக இருக்கலாகாது. அதற்கு மேல் தங்க வேண்டியிருந்தால், எங்கே போகிறோம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போக மாணவியருக்கு வழி இருக்க வேண்டும். விதியை வகுக்கும் குழுவில் மாணவியரும் அமர வேண்டும். பெற்றோர் ஒப்பமாட்டார்கள் என்று நிர்வாகத்தினர் சொல்வதாக மகள் கூறுகிறாள். எங்களை யாரும் இதுவரை கேட்டதில்லை. வரும் கல்வியாண்டுக்கான விடுதி விதிப் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டினால், கோவில்பட்டியிலிருந்து இரவு ரயிலேறி வந்து என் ஒப்புதலைக் கையெழுத்திட்டுத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
கோவில்பட்டி.