கெமராவைத் திருப்பிக் கொடுக்காதே, மச்சான்

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். இங்கே தென்மேல் மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. லென்ஸில் பூஞ்சணம் ஏறாமல் பார்ப்பதே தனி வேலை. உங்கள் ஊவாப் பக்கம் இந்த நேரம் வெயிலாக இருக்கும், கொடுத்துவைத்தவன். சிவனொளிபாத மலைக் காலம் வெசாக்கோடு முடிந்ததால் பஸ் ஸ்டாண்டில் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. மூத்தவள் ஏ.எல்.லுக்குக் கணிதம்தான் என்கிறாள், அவள் அம்மா பயோ என்று நிற்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். புது நிக்கோன் கெமராவில் எடுத்த கல்யாணப் படங்கள் லெப்டொப்பில் திறக்கவில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், கெமராவைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். கெமராவில் ஒரு கோளாறும் இல்லை. கார்டில் இருக்கும் கல்யாணமும் பத்திரமாகத்தான் இருக்கிறது. உன் லெப்டொப்பில் இருக்கும் படம் திருத்தும் மென்பொருள் லைட்ரூம் 6. மாதச் சந்தா கட்டாமல் ஒரே தரம் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள முடிந்த கடைசி லைட்ரூம் அதுதான். அதற்குக் கடைசிப் புதுப்பிப்பு வந்தது 2017 டிசம்பரில். அதற்குப் பிறகு வந்த கெமராக்களை அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பழைய நிக்கோனின் பைல் திறக்கிறது, புது நிக்கோனும் எழுதுவது அதே என்ஈஎஃப் என்ற ரோ பைல்தானே, இது மட்டும் ஏன் திறக்காது என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. ஆனால் பெயர்தான் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. ரோ பைலில், அதாவது கெமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் பைலில், இருப்பது படமே இல்லை. சென்சரின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்ற எண்கள். ஒரு புள்ளி சிவப்பை மட்டும் பார்க்கும், பக்கத்துப் புள்ளி பச்சையை மட்டும், இன்னொன்று நீலத்தை. எந்த எண்ணைக் கறுப்பு என்று எடுப்பது, எந்த எண்ணில் சென்சர் நிரம்பி வழிகிறது, அது பார்க்கும் சிவப்பு நம் கண் பார்க்கும் சிவப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, இதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். ஒவ்வொரு மாடலையும் யாராவது அளந்து மென்பொருளுக்குள் எழுதிவைக்க வேண்டும். புது மாடலுக்கு மென்பொருள் வரத் தாமதமாவது அதனால்தான்.

அந்த எண்கள் பிசகினால் என்ன ஆகும் என்பதை ஸ்டூடியோவில் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் தம்பி ஒருவன், பைலில் எழுதியிருக்கும் மாடல் பெயரை எக்சிஃப்டூல் என்ற நிரலால் மாற்றி, பழைய கெமராவில் எடுத்ததுபோல் காட்டினான். படம் திறந்துவிட்டது! காலையில் மலைச்சரிவில் கொழுந்து எடுப்பவர்களை எடுத்த படம். பெண்கள் தலையில் போட்டிருந்த சாக்கின் மடிப்புக்குள் நிழல் கத்தரிப்பூ நிறமாகிக் கிடந்தது. பின்னால் பனிமூட்டத்தின் வெளிச்சமான பகுதி முழுக்க ரோஸ். கறுப்பின் அளவைக் குறைத்து எடுத்தால் நிழல் அப்படித்தான் ஊதாவாகும். நிரம்பும் அளவைக் கூட்டி எடுத்தால் வெள்ளை ரோஸாகும். இரண்டு கெமராவிலும் ஒரே சென்சர் என்றால் இந்தத் தந்திரம் பலிக்கும், இல்லாவிட்டால் இப்படித்தான். அல்பத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி ரோஸாகப் போனால் அவர்கள் வீட்டார் உன்னைச் சும்மா விடமாட்டார்கள்.

ஆகவே நீ செய்யவேண்டியது இது. ரோ பைலை டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்றித் தரும் டிஎன்ஜி கன்வர்ட்டர் இருக்கிறது. லைட்ரூமின் கம்பனியான அடோபியுடையது, இலவசம், புதிய பதிப்பை இறக்கிக்கொள். அது பழைய விண்டோஸில் ஏறாது, உன்னுடையதில் ஏறாவிட்டால் மகனின் லெப்டொப்பைக் கேள். செட்டிங்கில் எந்தப் பதிப்புக்குப் பொருந்தவேண்டும் என்று கேட்கும் இடத்தில் கெமரா ரோ 7.1ஐத் தேர்ந்தெடு. லீனியர் என்பதைத் தொடாதே, பைல் ஊதிப்போகும். மூலப் பைலையும் உள்ளே வைக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல், என்ஈஎஃப்பைத் தனியாக ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டால் போதும். வந்து சேரும் டிஎன்ஜிக்குள் அந்தக் கெமராவின் அளவுகளும் கூடவே எழுதப்பட்டிருக்கும். அதனால்தான் புது மாடலைக் கேள்விப்படாத உன் லைட்ரூமும் அதைத் திறக்கும். அப்புறம், நிக்கோனின் என்எக்ஸ் ஸ்டூடியோவும் இலவசம்தான். நிறம் நன்றாக வரும், ஆனால் நூற்றுக்கணக்கான படங்களை அதில் தள்ளிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

இன்னொன்று. கெமரா மெனுவில் ரோ பதிவு எப்படி இருக்கிறது என்று பார். ஹை எஃபிஷியன்சி என்றிருந்தால் லொஸ்லெஸ்ஸுக்கு, அதாவது எதையும் இழக்காமல் சுருக்கும் முறைக்கு, மாற்று. ஹை எஃபிஷியன்சி 2021இல் நிக்கோன் இசட் 9 கெமராவுடன் வந்த முறை. பைல் சின்னதாகும், நல்லதுதான். ஆனால் அந்தச் சுருக்கும் நுட்பம் வேறொரு நிறுவனத்துடையது, அதனால் டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள்களுக்கு அந்தப் பைல்கள் நெடுநாள் எட்டாமலே இருந்தன. புது மாடல் பழகும்வரை ரோவோடு ஜேபெக்கும் சேர்த்து எடு. கார்ட் விலைக்குப் பயந்து ஜேபெக்கை விடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

உண்மையில் எனக்குக் கோபம் மென்பொருள்காரர்கள் மேல் இல்லை. அடோபி டிஎன்ஜியை 2004இலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டது. லைக்காவும் பென்டெக்ஸும் கெமராவுக்குள்ளேயே டிஎன்ஜி எழுதுகின்றன. பெரிய கம்பனிகள்தான் தங்கள் தங்கள் பூட்டை விடமாட்டேன் என்கின்றன. 2005இல் நிக்கோன் டி2எக்ஸ் கெமராவின் பைலில், வெள்ளையை வெள்ளையாகக் காட்ட உதவும் வைட் பேலன்ஸ் விபரத்தையே குறியாக்கி மறைத்திருந்தார்கள். டேவ் கொஃபின் என்ற அமெரிக்கர் அதை உடைத்தார். 1997இலிருந்து ரோ பைல்களைத் திறக்கும் டிசிரோ என்ற நிரலைத் தனி ஆளாக எழுதிவந்தவர் அவர், அதில் நூற்றுக்கணக்கான கெமராக்கள் திறந்தன. கம்பனிகள் விபரத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த மனிதருக்கு இவ்வளவு பாடு ஏது? 2018க்குப் பிறகு டிசிரோவில் புதிதாக ஒன்றும் வரவில்லை. அதிலிருந்து கிளைத்த லிப்ரோதான் இன்று பல மென்பொருள்களுக்குள் ஓடுகிறது.

டார்க்டேபிளில் புதுக் கெமராக்கள் சேர்வதற்கு நம்மைப் போன்றவர்கள் மாதிரிப் பைல் அனுப்பவேண்டும். 12 பிட், 14 பிட், சுருக்கியது, சுருக்காதது என்று மெனுவில் உள்ள ஒவ்வொரு முறையிலும் ஒவ்வொன்று. உரிமை எதுவும் கோராமல் கொடுக்கவேண்டும் என்பதால் ஆட்கள் முகம் தெரியும் படம் வேண்டாம். உன் வீட்டு வாசலில் நின்று எதிர்மலையை எடு, போதும். இந்த வேலையை நீ செய்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். எனக்கோ இன்னும் பழைய கெமராதான், கொடுக்க ஒன்றுமில்லை. வாங்குவதாக இருந்தாலும் வந்து ஒரு வருடமாவது ஆன மாடலைத்தான் வாங்குவேன். விலையும் இறங்கும், மென்பொருளும் வந்திருக்கும். நீ அவசரக்காரன், பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான்.

அல்பம் எப்போது கொடுக்கவேண்டும் என்று எழுது. நாள் நெருக்கமாக இருந்தால் டிஎன்ஜியாக மாற்றியதை ஹார்ட் டிஸ்கில் போட்டு இந்தப் பக்கம் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பு, நிறம் திருத்துவதில் பாதியை நான் பார்த்துத் தருகிறேன். கூலியாக பண்டாரவளை வெயிலில் காய்ந்த மிளகாய் ஒரு பை போதும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி